கபடிக்கு ஐஸ் ஹொக்கி ஹெல்மெட் போடலாமா?

முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலை ஒன்றில் விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர் கேட்டிருக்கிறார்: கபடிப் பயிற்சியில் இரண்டு பெடியளின் தலை மோதி, ஒருவன் சில வினாடி மயங்கிப் போனான். செய்தி ரொறன்ரோவில் இருக்கும் பழைய மாணவருக்கு எட்ட, பாவித்த ஐஸ் ஹொக்கி ஹெல்மெட் இருபதை அனுப்ப அவர்கள் தயாராக நிற்கிறார்கள். கபடி, உதைபந்து, இந்த வருடம் தொடங்கிய கடினப்பந்துக் கிரிக்கெட் மூன்றுக்கும் அதையே பாவிக்கலாமா? இல்லாவிட்டால் உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவரை வைத்து நாங்களே ஒன்றை வடிவமைக்கலாமா?

சேர், நேரடிப் பதில் முதலில். கபடிக்கும் உதைபந்துக்கும் வேண்டாம். கிரிக்கெட்டுக்கு ஹெல்மெட் கட்டாயம் வேண்டும், ஆனால் அது ஐஸ் ஹொக்கி ஹெல்மெட் இல்லை. மாணவர் செயற்திட்டம் நல்ல யோசனை. செய்யட்டும், போட்டு உடைத்துச் சோதிக்கட்டும், ஆனால் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கக் கூடாது.

ஹெல்மெட்டுக்கு முன்னம் அந்தப் பெடியன். மயங்கினவனை வைத்தியரிடம் காட்டாமல் திரும்ப விளையாட விட்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். எங்கட பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது: முகத்தில் தண்ணீர் தெளிப்பது, சோடா குடுப்பது, "ஒண்டுமில்லை, எழும்படா" என்று சொல்லி அடுத்த சுற்றுக்கே இறக்குவது. மூளையதிர்வு வந்த தலைக்கு, அது ஆற முன்னம் இன்னொரு அடி விழுவதுதான் மிக ஆபத்தானது. இளவயதினரில் அரிதாக அது மூளை வீக்கத்தில் முடிந்து உயிரையே எடுத்திருக்கிறது. அன்றைக்கு எந்த விளையாட்டும் கிடையாது. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, போனும் குறைவு, மெல்ல நடக்கலாம். பிறகு படிப்பு, அதன் பிறகு தனியாக ஓட்டம், அதற்கும் பிறகுதான் மற்றவரோடு மோதுகிற பயிற்சி. ஒரு படியில் தலையிடி கூடினால் ஒரு படி இறங்க வேண்டும். திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, எழுப்ப முடியாத நித்திரை, குழம்பின பேச்சு, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, மூக்காலோ காதாலோ தெளிந்த நீர் வடிவது, கழுத்து நோ, கைகால் விறைப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். கழுத்து நோகிறது என்றால் அம்புலன்ஸ் வரும்வரை தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்ற வேண்டாம்.

இனி ஹெல்மெட். நான் செயற்கைக் கால், முதுகுப் பட்டி செய்கிற பட்டறையில் வேலை செய்பவன். வலிப்பு வந்து விழுகிற பிள்ளைகளுக்கும், சத்திரசிகிச்சையில் மண்டையோட்டின் ஒரு துண்டு எடுக்கப்பட்டவர்களுக்கும் தலைக்காப்புச் செய்வது அதே மேசையில்தான். அந்த வேலையில் முதலாவது கேள்வி "என்ன போம், என்ன பிளாஸ்ரிக்" என்பதல்ல. இந்தத் தலை எதில், எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கமாக அடிபடப் போகிறது என்பதே. ஒவ்வொரு ஹெல்மெட்டும் ஒரு குறிப்பிட்ட அடியை நினைத்துச் செய்யப்பட்டது. அடி மாறினால் பெயரளவில்தான் ஹெல்மெட்.

ஒரு பெடியன் ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து தலை அடிபட விழுகிறான் என்று வையுங்கள். நிலத்தைத் தொடும்போது தலையின் வேகம் செக்கனுக்கு 5.4 மீற்றர். அது சுழியமாவதற்கு எவ்வளவு தூரம் கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்கு சுகமானது. விழுந்த உயரத்தை, நிற்கக் கிடைத்த தூரத்தால் வகுங்கள். சராசரி அமர்முடுகல், அதாவது வேகம் குறையும் வீதம், புவியீர்ப்பின் எத்தனை மடங்கு என்பது அண்ணளவாக வந்துவிடும். 5 மில்லிமீற்றரில் நின்றால் 300 மடங்கு, 20 மில்லிமீற்றரில் நின்றால் 75 மடங்கு. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் போம் செய்வது இதைத்தான்: நசுங்கி, தலைக்குச் சில மில்லிமீற்றர் தூரம் வாங்கிக் கொடுக்கிறது. ஆனால் போம் முழுத் தடிப்புக்கும் நசுங்காது. மூன்றில் இரண்டு பங்கு நசுங்கியதும் இறுகிக் கல்லுப்போல நிற்கும். ஆகவே 20 மில்லிமீற்றர் வேண்டும் என்றால் 30 மில்லிமீற்றர்த் தடிப்பில் போட வேண்டும்.

கடையில் ஹெல்மெட்டின் உள்பக்கத்தைப் பெருவிரலால் அமத்திப் பார்த்து "நல்ல மெத்தென்று இருக்கு" என்று வாங்குகிறோம். விரலுக்கு அமருவது சொகுசுப் பஞ்சு, தலைக்குப் பொருந்துவதற்காக வைத்தது. அடியில் அது கண நேரத்தில் தட்டையாகிவிடும். அதற்குப் பின்னால், விரலுக்கு மசியாமல் நிற்கும் படைதான் தலையைக் காப்பது. மோட்டர் சைக்கிள் ஹெல்மெட்டில் அது இறுகின ரெஜிபோம், சாமான் உடையாமல் பெட்டிக்குள் வைத்து வரும் அந்த வெள்ளைப் போம். பெரிய அடி ஒன்றுக்கு நசுங்கி, நசுங்கினபடியே கிடக்கும், பிறகு பிரயோசனமில்லை. ஒவ்வொரு நாளும் பல சின்ன அடிகள் விழும் ஐஸ் ஹொக்கி, அமெரிக்க உதைபந்து போன்றவற்றின் ஹெல்மெட்டுகளில், நசுங்கி மீளும் வைனில் நைட்ரைல் போன்ற போம்களைப் போடுவார்கள். விக்கெட் காப்பாளர் மோட்டர் சைக்கிள் ஹெல்மெட்டோடு நிற்பதை ஊர் மைதானங்களில் பார்த்திருக்கிறேன். வீதியில் உயிர் காக்கும் சாமான்தான். ஆனால் அதன் ரெஜிபோம் வீதி விபத்தின் அடிக்கு நசுங்கச் செய்தது, அதைவிடச் சின்ன அடிக்கு மசியாது. போதாக்குறைக்குக் காதும் பாதி அடைத்துவிடும்.

கிரிக்கெட் பந்துக்கு வருவோம், இங்கேதான் கணக்கு சுவாரசியம். 160 கிராம் பந்து மணிக்கு 108 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் அதன் சக்தி 72 யூல். 5 கிலோ நிறையுள்ள தலை ஒன்றரை மீற்றரிலிருந்து விழுந்தால் ஏறக்குறைய 74 யூல். சக்தி ஒன்றுதான், காயம் வேறு. பந்து பாரம் குறைந்தது, சிறியது, கடினமானது. தலையைப் பெரிதாகத் தள்ளாது, ஆனால் ஒரு காசளவு இடத்தில் முழுச் சக்தியையும் இறக்கி எலும்பை உடைக்கும். விழுகிற தலை அப்படியல்ல. எலும்பு தப்பினாலும் தலையின் முழு வேகமும் ஒரே நொடியில் பறிபோகிறது, அது மூளையைப் பிடிக்கும். பந்துக்கு வேண்டியது அடியைப் பரப்பும் கடினமான ஓடு, முகத்துக்குக் கம்பி. விழுகைக்கு வேண்டியது தடிப்பு. ஹெல்மெட் தன் வேலையை மிக நன்றாகச் செய்யும் இடம் பந்து மாதிரியான அடிதான்.

1975 உலகக் கிண்ணத்தில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் ஜெஃப் தொம்சன் வீசிய பந்து இலங்கையின் துலிப் மென்டிசின் தலையில் பட்டது. அப்போது ஹெல்மெட் இல்லை. இரண்டொரு வருடத்தில் இங்கிலாந்தின் டெனிஸ் அமிஸ் ஹெல்மெட்டோடு இறங்கினார், பிறகு அது உலகமெங்கும் பரவியது. 2014 நவம்பரில் ஆஸ்திரேலியத் துடுப்பாட்டக்காரர் பிலிப் ஹியூஸ் ஹெல்மெட் போட்டிருந்தும் இறந்தார். பந்து பட்டது ஹெல்மெட்டின் விளிம்புக்குக் கீழே, கழுத்தின் பக்கத்தில், மூளைக்குப் போகும் முள்ளந்தண்டு நாடி என்ற இரத்தக் குழாயில். அதன் பிறகுதான் பின்கழுத்துக் காப்பு பரவலானது. 2023 ஒக்ரோபரிலிருந்து ஆஸ்திரேலியாவில் வேகப்பந்தை எதிர்கொள்பவருக்கு அது கட்டாயம். ஆகவே உங்கள் கிரிக்கெட் அணிக்கு வாங்கும்போது பிரித்தானிய நியமம் பி.எஸ். 7928:2013 என்று ஒட்டியிருக்கிறதா பாருங்கள், கழுத்துக் காப்போடு வாங்குங்கள். அந்த நியமம் பந்து முகக்கம்பிக்கும் ஹெல்மெட்டின் முன்விளிம்புக்கும் இடையால் புகுகிறதா என்று பெரியவர் பந்தாலும் சிறுவர் பந்தாலும் தனித்தனியே சோதிக்கிறது. 13 வயதுக்குட்பட்டோரின் பந்து 135 கிராம், விட்டத்திலும் சிறியது. அண்ணனுடைய ஹெல்மெட்டைத் தம்பி போட்டால், அண்ணனின் பந்து நிற்கும் இடைவெளியால் தம்பியின் பந்து மூக்குக்கு வந்து சேரும். கம்பியை வசதிக்காக வளைத்து அகட்டுவதும் இதே பிழை. நாடிக்குக் கீழே கட்டும் பட்டியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2023 உலகக் கிண்ணத்தில் டெல்லியில் அஞ்சலோ மத்தியூசின் பட்டி அறுந்து, நேரம் கடந்துவிட்டது என்று ஆட்டமிழப்புக் கொடுத்தது உங்கள் அணியில் எல்லாருக்கும் தெரியும். ஆட்டமிழப்பு பரவாயில்லை. பந்து வரும் நேரத்தில் பட்டி இல்லாத ஹெல்மெட் தலையில் நிற்காது.

கபடியும் உதைபந்தும் வேறு உலகம். உதைபந்துச் சட்டத்தின்படி தலையில் போடுவது மற்றவருக்கு ஆபத்தில்லாததாக இருக்க வேண்டும், ஹொக்கி ஹெல்மெட்டோடு வந்தவனை நடுவர் உள்ளே விட மாட்டார். 2006இல் மண்டையோடு உடைந்த கோல் காப்பாளர் பீற்றர் செக் பிறகு போட்டது மெல்லிய போம் கவசம், அதுவும் ஏற்கெனவே உடைந்த எலும்புக்கு. கபடியில் ஏழு பேர் சங்கிலி பிடித்து ஒருவனை விழுத்துகிறார்கள். கடின ஓடு ஒருவன் தலையில் இருந்தால் மற்றவனின் புருவமும் பல்லும் போகும். அதைவிட மோசம், பிடிக்க வரும் கை ஹெல்மெட் விளிம்பில் மாட்டினால் முறுகுவது கழுத்து.

அமெரிக்க உதைபந்தில் இது பெரிய அளவில் நடந்து பார்த்த விசயம். கடின பிளாஸ்ரிக் ஓடும் முகக்கம்பியும் வந்ததும் ஆட்டக்காரர் துணிவு கூடி, தலையை முன்னுக்குக் கொடுத்து இடிக்கத் தொடங்கினார்கள். மண்டை காப்பாற்றப்பட்டது, கழுத்து உடைந்தது. 1968இல் மட்டும் ஆட்டத்தில் பட்ட காயத்தால் 36 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஹெல்மெட் நியமங்களை வகுக்கும் குழு உருவானது, 1973இல் நியமம் வந்தது, 1976இல் தலையால் இடிப்பது விதியால் தடுக்கப்பட்டது. 1990இல் அப்படியான மரணம் ஒன்றுகூட இல்லை. ஹெல்மெட் மட்டும் இதைச் செய்தது என்று விற்பனைக்காரர் சொல்வார், என் கணக்கில் விதிக்குத்தான் பெரிய பங்கு. குத்துச்சண்டையிலும் பாருங்கள்: 1984 ஒலிம்பிக்கிலிருந்து போட்ட தலைக்காப்பை, 2013இல் ஆண்களின் மேல்மட்டப் போட்டிகளில் கழற்றிவிட்டார்கள், 2016 ரியோவில் தலைக்காப்பில்லாமல்தான் ஆடினார்கள். மூளையதிர்வை அது குறைக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். புருவம் கிழிவதைக் குறைத்தது உண்மை. றக்பியில் போடும் மெல்லிய போம் தொப்பியை ஆஸ்திரேலியாவில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட இளம் ஆட்டக்காரரில் சோதித்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள். மூளையதிர்வு குறையவில்லை.

ஏன் குறையவில்லை? தடிப்பு போதாது என்பது ஒன்று. நியமம் கேட்பது வேறொன்று என்பது அடுத்தது. சைக்கிள் ஹெல்மெட் நியமங்கள் புவியீர்ப்பின் 250, 300 மடங்குவரை அனுமதிக்கும். மண்டை உடையாமல் இருக்க அது போதும். ஆனால் அமெரிக்க உதைபந்தில் பதிவான மூளையதிர்வுகளில் பல 100 மடங்கு அளவிலேயே நடந்திருக்கின்றன. சான்று முத்திரை பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் அது சொல்லாததை வாசிக்கிறோம்.

மூன்றாவது காரணம் சுழற்சி. 1943இலேயே ஒக்ஸ்போட்டில் ஹொல்போர்ன் என்ற பௌதிகவியலாளர் இதை விளக்கினார். மூளையை அமுக்கிச் சுருக்குவது கஷ்டம், ஆனால் ஒரு படைக்கு எதிராக இன்னொரு படையை வழுக்க விடுவது மிகச் சுகம். எருமைத் தயிர்ச் சட்டியை நேராகத் தூக்கி வைத்தால் தயிர் அசையாது, வெடுக்கென்று திருகினால் ஓரம் விட்டு உள்ளே கீறல் விழும். தலை நேர்கோட்டில் வந்து சட்டென்று நிற்பதைவிட, சுழன்று சட்டென்று நிற்கும்போதுதான் நரம்பு இழைகள் கூடுதலாக இழுபடுகின்றன. கபடியில் பிடிபட்டவன் விழும்போது தலை பெரும்பாலும் நேராக வந்து அடிபடாது, தோள் முதலில், பிறகு தலை சுழன்று. இதைக் குறைக்கவே ஸ்ரொக்ஹோமில் ஹான்ஸ் வொன் ஹொல்ஸ்ற் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரும் பீற்றர் ஹால்டின் என்ற ஆய்வாளரும் மிப்ஸ் என்ற வழுக்கும் படையை உருவாக்கினார்கள். அடி சாய்வாக விழும்போது உள்படை தலையோடு நிற்க, வெளி ஓடு 10 - 15 மில்லிமீற்றர் வழுகும். சைக்கிள், மோட்டர் சைக்கிள் ஹெல்மெட்டுகளில் இன்று அது சாதாரணம். 2011இலிருந்து வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகம் ஹெல்மெட்டுகளுக்கு நட்சத்திரம் வழங்குகிறது. சைக்கிள் ஹெல்மெட் புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் அந்தப் பட்டியல், கடைக்காரனின் பேச்சைவிட நம்பலாம்.

தலையில் சில சென்ரிமீற்றருக்கு மேல் கட்ட முடியாது, கட்டினால் கழுத்துக்குப் பாரம், சிறுபிள்ளைக்கு இன்னும் மோசம். நிலத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கபடிக் கோட்டுக்குள் ஆவணி வெயிலில் காய்ந்த கிரவல் நிலத்தை ஒரு சாண் கொத்தி, கல் பொறுக்கி, மணலும் உமியும் கலந்து பரப்பி, பயிற்சிக்கு முன் தண்ணீர் தெளித்து மண்வாரியால் கிளறினால், எந்த ஹெல்மெட்டும் தராத தூரம் விழுகிற தலைக்குக் கிடைக்கும். காசு இருந்தால் கோத்து விரிக்கும் ஈ.வி.ஏ. போம் பாய் வாங்கலாம், சர்வதேசக் கபடி அதில்தான் நடக்கிறது. உதைபந்து மைதானத்தில் கோல் கம்பத்தின் அடியைப் பழைய ரியூப்பும் போமும் சுற்றிக் கட்டுங்கள். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் சீமெந்துத் தூணும் முட்கம்பியுமாக வேலி நிற்கும் மைதானங்கள் வன்னியில் எத்தனை! கோட்டை உள்ளே தள்ளிப் போடக் காசு தேவையில்லை. கழுத்துத் தசைப் பயிற்சியை வாரத்தில் ஓரிரு தடவை சேர்த்துக்கொள்ளுங்கள், மெலிந்த கழுத்தில் தலை கூடுதலாகச் சுழலும். பிடிக்கிறவன் தலையைக் குனிந்து முன்னுக்குக் கொடுக்கிறானா என்பதில் விசில் ஊதுங்கள்.

ரொறன்ரோ அண்ணன்மாருக்கு மறுப்பு எழுதத் தேவையில்லை, மனம் நோகாமல் திருப்பிவிடுங்கள். பாவித்த ஹெல்மெட்டில் எத்தனை அடி விழுந்தது என்று வெளியில் தெரியாது, அமெரிக்கச் சான்று முத்திரை ஒன்று தயாரித்து ஆறரை வருடத்தில் காலாவதியாகும். அந்தக் கப்பல் செலவுக்கும் காசுக்கும் மூன்று அளவுகளில் நல்ல கிரிக்கெட் ஹெல்மெட் நாலைந்தும் பாயும் வரும். வந்தவற்றைத் தகரக் கூரை விளையாட்டறையில் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் போம் மெல்ல இறந்துவிடும். இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சிவப்பு, பச்சை என்று தின்னர் கலந்த பெயின்ற் அடிக்கவும் வேண்டாம், சில பிளாஸ்ரிக் ஓடுகளைத் தின்னர் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பாக்கும், ரெஜிபோமைக் கரைத்தே விடும். பொதுவில் பாவிப்பதற்கு உள்ளே துணித்தொப்பி ஒவ்வொருவருக்கும் தனி. வியர்வைக்கு மட்டுமில்லை, பேனுக்கும்தான்.

பழைய மாணவரும் விளையாட்டுக் கழகத்தாரும் வந்து மைதானத்தில் சேர்ந்து ஆடுவார்கள் என்றால் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யுத்தத்தில் பட்ட செல்துண்டு தலையில் இன்னும் இருப்பவர்கள், மண்டையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் எங்கட ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் மோதல் விளையாட்டுக்கு வைத்தியர் சம்மதம் இல்லாமல் இறங்கக் கூடாது, தலையில் எது போட்டிருந்தாலும்.

மாணவர் செயற்திட்டத்துக்கு வழி சொல்கிறேன். ஹெல்மெட் செய்யத் தொடங்க முன்னம் சோதனைக் கருவியைச் செய்யுங்கள். 50 சென்ரிமீற்றர்ச் சுற்றளவுள்ள பிளாஸ்ரிக் பந்தை வெட்டி அச்சாக்கி, சீமெந்துக் கலவை ஊற்றி இறுக விட்டால், 16 சென்ரிமீற்றர் விட்டத்தில் ஒரு உருண்டை வரும். நிறை ஐந்து கிலோவுக்குக் கிட்ட, அளவிலும் பாரத்திலும் பெடியன் ஒருவனின் தலைக்குப் பக்கம். வார்க்கும்போதே மேலே ஒரு கொழுக்கியைப் புதையுங்கள். இரண்டு இறுக்கின கம்பிகளுக்கு நடுவே வழுகி விழும்படி தொங்கவிட்டு, கீழே இரும்புத் தட்டில் போம் துண்டை வையுங்கள். போமின் நடுவில் ஒரு துளை போட்டு, அதற்குள் விளையாட்டுக் களியில் அதே உயரத்தில் ஒரு சின்னத் தூணை நிறுத்தினால், போம் எவ்வளவு ஆழம் நசுங்கியது என்று களி காட்டும், போம் திரும்ப மீண்டாலும் களி மீளாது. உயரத்தை அந்த ஆழத்தால் வகுத்தால் சராசரி வந்துவிடும். உச்சம் அதைவிடக் கூட. தொலைபேசியின் உணரி இதற்கு உதவாது, அதன் எல்லை சில மடங்கு புவியீர்ப்போடு முடிந்துவிடும், அடியோ நூறைத் தாண்டும். 200 மடங்குவரை அளக்கும் சிறிய உணரிகள் விற்பனையில் உள்ளன, கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பொறியியல் பீடத்தில் கேட்டால் அதை இணைக்கும் விதம் காட்டித் தருவார்கள்.

செருப்புக்குப் பாவிக்கும் ஈ.வி.ஏ., ரெஜிபோம், பழைய சைக்கிள் ஹெல்மெட்டின் உள்படை, தென்னந்தும்பை றப்பர்ப் பாலில் அமத்திய பலகை, நாலையும் 10, 20, 30 மில்லிமீற்றர்த் தடிப்பில் போட்டுப் பார்க்கட்டும். ஒவ்வொன்றையும் காலையிலும், நண்பகல் வெயிலில் இரண்டு மணித்தியாலம் கிடந்த பிறகும் அளக்கட்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருக்காது. பிறகு இரும்புத் தட்டை 45 பாகை சாய்த்து, மேலே மணல்தாள் ஒட்டி, அதே உருண்டையை விழுத்தி, எவ்வளவு சுழல்கிறது என்று மெதுவோட்ட வீடியோவில் எடுக்கட்டும். உருண்டையில் ஒரு கோடு கீறியிருந்தால் கோணத்தை அளக்கலாம். போமுக்கும் ஓட்டுக்கும் நடுவே மெல்லிய பொலித்தீன் இரண்டு படை வைத்து மீண்டும் விழுத்தினால் வித்தியாசம் தெரியும். கயிறு அறுந்தால் ஐந்து கிலோ சீமெந்து காலில் விழும் என்பதால் சப்பாத்து இல்லாமல் ஒருவரும் கிட்டப் போகக் கூடாது. ஈ.வி.ஏ. வெட்டி மிஞ்சிய துண்டுகள் எங்கள் பட்டறையில் இரண்டு உரப்பை நிறையக் கிடக்கின்றன, பெடியளை அனுப்பினால் எடுத்துப் போகலாம்.